சாவி யாரிடம் இருக்கிறது? புதுக்கோட்டைப் பக்கம் ஒரு நாள் பயணம் போக வழிகாட்டி

முதல் தடவை போனபோது ஏழு இடம் எழுதி வைத்திருந்தேன். நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம், ஆவுடையார்கோவில், நேரமிருந்தால் அருங்காட்சியகம். குடுமியான்மலைக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டேகால். நடை சாத்தியாயிற்று. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே, "நாலு மணிக்கு வா தம்பி" என்றார். பாறையில் சுரங்களை வெட்டி வைத்த இசைக் கல்வெட்டு உள்ளே இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன். கூட வந்த கைடு தன் போனில் இருந்த கல்வெட்டுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அதை வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம்.

அதற்கப்புறம் நாலைந்து தடவை போய்விட்டேன், வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் கூட்டிப் போயிருக்கிறேன். இந்தப் பக்கத்து ஒரு நாள் பயணத்தை மூன்று விஷயங்கள்தான் நடத்துகின்றன: வெயில், கோயில் நடை சாத்தும் நேரம், பூட்டின் சாவி. இந்த மூன்றுக்கும் ஏற்றபடி நாளை அடுக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும். முதல்முறை போகிறவர்களுக்காக, எப்படி அடுக்குவது என்று எழுதுகிறேன்.

நாலு இடம் போதும்

புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். மாவட்டம் முழுக்கப் பாறைக்குன்றுகள். குன்றுக்குக் குன்று பாறையைக் குடைந்த குடைவரைக் கோயில், சமணத் துறவிகளின் கற்படுக்கை, கல்லால் கட்டிய கற்றளி. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. மேலே சொன்ன ஏழில் ஆவுடையார்கோவில் கிழக்கே எங்கேயோ இருக்கிறது. திருமயம் புதுக்கோட்டைக்குத் தெற்கே காரைக்குடி சாலையில் இருக்கிறது, கோட்டையும் இரண்டு குடைவரைக் கோயில்களுமாக அதுவே அரை நாள் கேட்கும். செட்டிநாட்டுப் பக்கம் போகும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து கிளம்பினால் வட்டமாகச் சுற்றி வரத் தோதான நாலு ஊர்: நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர். புதுக்கோட்டை சாலையில் போய் மதுரை சாலையில் திரும்புவீர்கள், போன வழியிலேயே திரும்பி வர வேண்டியதில்லை. மொத்தம் 150 கிலோமீட்டர் சுமார் வரும். வண்டியில் கழியும் நேரம் குறைவு, பார்க்கும் நேரம் அதிகம். வயதானவர்கள் கூட வந்தால் நார்த்தாமலை ஏற்றத்தை விட்டுவிட்டு மூன்றோடு நிறுத்துங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

போகும் காலத்தைப் பொறுத்தவரை, மார்கழி, தை, மாசி சுகமான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். அக்னி நட்சத்திரத்தில் போகவே போகாதீர்கள், பத்து மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது. பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும். திருவிழா பார்க்கப் போவதென்றால் அது தனிச் சந்தோஷம். குன்றுக் கோயிலை அமைதியாகப் பார்க்கப் போவதென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

வண்டி

திருச்சியில் டாக்ஸி வாடகை இரண்டு கணக்கில் பேசுவார்கள். உள்ளூர்க் கணக்கு மணிக்கும் கிலோமீட்டருக்கும் சேர்த்து வரும். வெளியூர்க் கணக்கில் ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று பிடித்து, அதற்கு மேல் டிரைவர் பேட்டா போடுவார்கள். நம் பயணம் 150தான் என்பதால், நூறு கிலோமீட்டருக்குச் சும்மா காசு கொடுக்கிறோம் என்று சிலருக்கு வயிறு எரியும். முதலிலேயே ஊர்ப் பெயர்களைச் சொல்லி, "காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்குள் திரும்பிவிடுவோம், எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். டோல், பேட்டா, பார்க்கிங் உள்ளேயா வெளியேயா என்பதைப் போனில் பேசியதோடு விடாமல் வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் சில்லறைக்குச் சண்டை போட்டால் பகலெல்லாம் பார்த்த சிற்பம் எதுவும் மனதில் நிற்காது.

டிரைவரிடம் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "ஒவ்வொரு இடத்திலும் ஒன்றரை மணி நேரம் ஆகும் அண்ணே." கோயில் என்றால் இருபது நிமிடத்தில் சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள் என்றுதான் அவர்களுக்குப் பழக்கம். தெரியாமல் வந்தவர் மதியத்துக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

கைடைத் தேர்ந்தெடுப்பது

இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். வண்டி எதுவாக இருந்தாலும் ஓடும். கைடு சரியில்லையென்றால் கல்லைப் பார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான்.

சுற்றுலாத் துறை அங்கீகாரம் பெற்ற கைடுகள் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் இருக்கிறார்கள், கழுத்தில் அடையாள அட்டை இருக்கும். ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் யாரையாவது அனுப்புவார்கள். அவர்களில் பலருக்கு ஸ்ரீரங்கமும் பெரிய கோயிலும் அத்துப்படி. நார்த்தாமலைக்கு வருடத்தில் ஒரு தடவை போயிருப்பார்கள். உள்ளூரில் கல்வெட்டு ஆர்வலர்கள், வரலாறு படித்த ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் கேட்டால் சந்தோஷமாக வருவார்கள். இவர்களைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம். புதுக்கோட்டையில் யாரையாவது தெரிந்திருந்தால் அவர் மூலமாக விசாரியுங்கள்.

ஆளை அமர்த்துவதற்கு முன் பத்து நிமிடம் போனில் பேசுங்கள். நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்தை யார் கட்டியது சார்?"

"பெயரிலேயே இருக்கிறதே, விஜயாலய சோழன்" என்று சட்டென்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அந்தக் கோயில் வாயிற்காவலர் சிலையின் அடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையன் எடுப்பித்த கற்றளி மழையில் இடிந்து போக, மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான் என்கிறது அது. சாத்தன் பூதி முத்தரையர் குலத்தவன், சோழன் இல்லை. கோயிலின் பெயர் ஒன்று சொல்கிறது, கல் வேறொன்று சொல்கிறது. இந்த முரணைச் சொல்லத் தெரிந்தவர்தான் நமக்கு வேண்டிய கைடு. "பெயர் சோழன் பெயர், ஆனால் கல்வெட்டில்..." என்று இழுத்தாலே போதும், ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூலியை முழு நாளுக்குப் பேசுங்கள். நமக்கு என்ன சாப்பாடோ அதுதான் அவருக்கும். வண்டியில் முன்சீட்டு அவருக்கு. மலேசியாவிலிருந்து வந்த என் அத்தை பையன் ஒருமுறை கைடைப் பின்சீட்டில் நடுவில் நசுக்கி உட்கார வைத்துவிட்டான். வழியில் தெரியும் குன்றுகளையும் கல்வட்டங்களையும் அவரால் கை நீட்டிக் காட்டவே முடியவில்லை. அன்னவாசல் பக்கம் சாலையோரத்துப் பொட்டலில் கிடக்கும் பெருங்கற்காலத்து ஈமக்காடுகளை நாங்கள் பார்க்காமலே கடந்தோம்.

ஊரில் இருக்கும்போது கைடு என்ன சொன்னாலும் ஒரு கேள்வி கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்: "அது எப்படித் தெரியும்?" மடக்குவதற்காகக் கேட்பதில்லை இது. நல்ல கைடு இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். கல்வெட்டு என்றால் எழுத்தைத் தொட்டுக் காட்டுவார், ஊர்க்கதை என்றால் ஊர்க்கதை என்றே சொல்வார். இரண்டையும் குழப்பாமல் சொல்கிறவரோடு நாள் முழுக்கச் சலிக்காது.

முந்தின நாள் சாயங்காலம்

கைடுக்கு ஒரு போன் போட்டு, "சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். விஜயாலய சோழீச்சரத்தின் கருவறையும் சில குடைவரைகளும் பூட்டியே இருக்கும். தொல்லியல் துறைக் காவலரோ குருக்களோ வந்துதான் திறக்க வேண்டும். அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தால் நாம் கம்பி வழியாக இருட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கைடு ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் காவலர் நேரத்துக்கு வந்து நிற்பார். தனியாகக் கைடு வைத்துக்கொண்டு போவதில் பாதி லாபம் இதில்தான்.

பையில் என்ன வேண்டும்? ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தொப்பி. நல்ல டார்ச் ஒன்று. போன் வெளிச்சம் போதாது. பழைய சாக்ஸ் ஒரு ஜோடி, எதற்கென்று அப்புறம் தெரியும். செருப்பு கழற்றி மாட்ட லேசாக இருக்க வேண்டும். பாறையில் ஏறுவதால் அடிப்பாகம் வழுவழுப்பாகத் தேய்ந்ததாக இருக்கக் கூடாது. பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கொஞ்சம். சித்தன்னவாசலில் நுழைவுச்சீட்டு உண்டு, வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை) வைத்திருப்பவர்களும், இலங்கை உட்பட சார்க் நாட்டுக் குடிமக்களும் இந்தியருக்கான கட்டணமே கொடுத்தால் போதும். அட்டையையோ பாஸ்போர்ட்டையோ மறக்காமல் எடுத்துப் போங்கள், சிங்கப்பூர்ச் சித்தப்பா ஓசிஐ அட்டையை ஹோட்டலில் விட்டுவிட்டு வந்து புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது.

காலை: நார்த்தாமலை

ஐந்தரைக்குத் திருச்சியை விட்டால் கீரனூரில் ஒரு காபி குடித்துவிட்டு, ஆறரை வாக்கில் நார்த்தாமலையில் இருக்கலாம். கீரனூரிலேயே கழிப்பறை போய்விட்டு வருவது நல்லது, குன்றின் மேல் ஒரு வசதியும் கிடையாது.

மேலமலை என்கிற வழுக்கைப் பாறையில் கால் மணி நேரத்துக்கு மேல் ஏற வேண்டும். செங்குத்தாக இல்லை, யானை முதுகு மாதிரி சரிவு. வழியில் சுனை. மேலே போய்த் திரும்பினால் சட்டென்று கோயில் நிற்கும், பக்கத்தில் வீடு, கடை, கம்பி எதுவும் இல்லாமல். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் காலையில் முகப்பு நிழலில் இருக்கும். படமெடுக்கிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். படத்துக்காக மாலையில் வந்தால் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை உங்கள் காலில் கக்கும். காலைதான் சரி.

இந்தக் கோயிலில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது அதன் கட்டமைப்பு. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய சுற்றுப்பாதை. விமானத்தை வெளியிலிருந்து பாருங்கள்: கீழ்த்தளங்கள் சதுரமாக ஏறி, மேலே போனதும் வட்டமாகிவிடும். உள்ளே ஒளிந்திருக்கும் வட்டம் உச்சியில்தான் வெளியே வருகிறது. அழகான யோசனை. எனக்கு இதை விளக்கிய கைடு வாயால் எதுவும் சொல்லவில்லை. கீழே கிடந்த சுள்ளியால் மண்ணில் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் ஒரு வட்டம் போட்டு, "இப்ப மேல பாருங்க" என்றார்.

கோயிலுக்கு நேர் எதிரே பாறைச் சுவரில் இரண்டு குடைவரைகள். சின்னது பழியிலி ஈச்சரம். நிருபதுங்க பல்லவனின் ஏழாம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி என்பவன் குடைந்தது என்று கல்வெட்டு இருக்கிறது, அதாவது ஒன்பதாம் நூற்றாண்டு. 'பழி இல்லாதவன்' என்று பெயர் வைத்துக்கொண்ட மனிதனை எனக்குப் பிடிக்கும். பெரியது சமணர் குடகு. பெயர்தான் சமணர் குடகு, உள்ளே டார்ச் அடித்தால் சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு விஷ்ணு நிற்கிறார்கள், கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்த மாதிரி. பெயர் எந்தக் காலத்தைச் சொல்கிறது, சிலை எந்தக் காலத்தைச் சொல்கிறது என்று கைடைப் பேச விடுங்கள். கோயிலின் பெயரைப் போலவே இதுவும் ஒரு முரண்தான்.

எட்டரைக்கு இறங்கத் தொடங்கிவிடுங்கள். காலை டிபனை வண்டியிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தால் கீழே மரத்தடியில் சாப்பிடலாம்.

ஒன்பது மணிக்கு மேல்: சித்தன்னவாசல்

இங்கே இரண்டு இடங்கள் உண்டு, பலர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குன்றின் மேல் ஏழடிப்பட்டம், கீழே மேற்குச் சரிவில் ஓவியக் குகையான அறிவர் கோயில். முதலில் ஏழடிப்பட்டம் ஏறுங்கள், பத்தரைக்கு மேல் ஏற முடியாது.

பாறையில் வெட்டிய ஏழு காலடிக் குழிகளால் வந்த பெயர் ஏழடிப்பட்டம். இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள். உள்ளே இயற்கையான குகைத்தளம். தரையில் 17 கற்படுக்கைகள், ஒவ்வொன்றிலும் தலைக்கு உயரமாக விட்ட கல் தலையணை. பளபளவென்று தேய்த்த ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழ்பிராமி எழுத்து. எருமை நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுதி என்ற துறவிக்கு, சிறுபொசில் ஊர்க்காரர்கள் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. எருமை நாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம் என்பார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன் எங்கிருந்தோ நடந்து வந்த ஒருவருக்கு, ஊர்க்காரர்கள் படுக்கை வெட்டிக் கொடுத்துப் பெயரும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் சாய்ந்து படுத்துப் பார்க்க ஆசை வரும். படுக்கக் கூடாது, எழுத்து ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கிறது.

கீழே இறங்கினால் அறிவர் கோயில். வாசலில் தூண்கள் தாங்கிய முன்மண்டபம் ஒன்று தெரியும். அது பழையது என்று நினைத்துவிடாதீர்கள், இருபதாம் நூற்றாண்டில் கட்டியது. தூண்கள் மட்டும் பழையவை, குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்தவை. அடுத்து அங்கேதான் போகப் போகிறோம் என்பதால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனவுடன் ஒன்றும் தெரியாது. வெயிலிலிருந்து வந்த கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். கூட்டமாக வருகிறவர்கள் அந்த ஐந்து நிமிடத்துக்குள் வெளியே போய்விடுகிறார்கள், "ஒன்றுமே இல்லையே" என்று சொல்லிக்கொண்டு. நீங்கள் தனியாக வந்திருக்கிறீர்கள், அவசரமில்லை. சுவரோரம் நின்று மேலே பாருங்கள். முதலில் பச்சைத் திட்டுகள். அப்புறம் அவை தாமரை இலைகள் என்று தெரியும். அப்புறம் மொட்டு, மலர், மலருக்கு நடுவே மீன். யானை, எருமை, பறவைகள். கடைசியாக, குளத்தில் இறங்கிப் பூப்பறிக்கும் ஆள்: ஒரு கையில் தாமரை, தோளில் இன்னொன்று, தண்டின் வளைவு அப்படியே. தீர்த்தங்கரர் உபதேசம் கேட்கப் போகிறவர்கள் கடந்து செல்லும் குளம் இது என்பது சமண விளக்கம். முன்தூண்களில் இரண்டு நடனப் பெண்களும், மகுடம் வைத்த அரசன், அரசியும் உண்டு. மங்கிவிட்டார்கள், காவலர் விரலால் கோடு போல் காட்டினால்தான் பிடிபடும்.

இந்த ஓவியத்தை நெடுங்காலம் மகேந்திரவர்மப் பல்லவன் கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். அப்புறம் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்துக் கல்வெட்டைக் கொண்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்தது தெரிய வந்தது. இங்கேயும் கைடிடம் "அது எப்படித் தெரியும்?" என்று கேட்டால் வெளியே கூட்டிப் போய்ப் பாறையில் செய்யுளாக இருக்கும் அந்தக் கல்வெட்டைக் காட்டுவார்.

உள்ளறை ஐந்தாறு பேர் நிற்கும் அளவுதான். கதவை ஒருக்களித்துவிட்டுக் காவலர் சொல்வார்: "பேசாதீங்க. மூச்சை இழுத்துவிட்டு 'ம்...' மட்டும் சொல்லுங்க." சொன்னால் அறை முழுக்க ரீங்காரம் எழுந்து நெஞ்செலும்பில் அதிரும். யார் குரல் எது என்று தெரியாது. என் அம்மா வெளியே வந்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது அரிது.

ஓவியத்தில் கை வைக்காதீர்கள், பிளாஷ் போடாதீர்கள், உள்ளே படமெடுக்கக் கூடாது என்று காவலர் சொன்னால் விவாதம் வேண்டாம். பெயர் கிறுக்கியவர்களின் கைங்கரியம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

நடை சாத்துமுன்: குடுமியான்மலை

பதினொன்றுக்குள் குடுமியான்மலையில் நுழைந்துவிட வேண்டும். என்னைப் போல் பூக்கார அம்மாவிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். இது வழிபாடு நடக்கும் கோயில், மூலவர் சிகாநாதர். லிங்கத்தின் மேல் குடுமி முளைத்த கதையை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதை நான் கெடுக்கவில்லை.

முன்மண்டபத்தில் நாயக்கர் காலச் சிற்பங்கள், ஆளுயரத்தில். ரதி, மன்மதன், பத்துத்தலை ராவணன், நரசிம்மர். பார்க்கப் பார்க்க நேரம் போய்விடும். ஆனால் முதலில் உள்ளே போங்கள். கோயிலுக்குள் குன்றில் குடைந்த சிறிய குடைவரை ஒன்று உண்டு, மேலைக்கோயில் என்பார்கள். அதன் பக்கத்துப் பாறையில்தான் இசைக் கல்வெட்டு. எழுத்து கிரந்தம், மொழி சமஸ்கிருதம், ஏழெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு பண்ணுக்கு: மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். ஒவ்வொன்றின் கீழும் நாலு நாலு சுரமாகக் கட்டம் கட்டிய மாதிரி வரிசைகள். ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களுக்காகச் செய்தது என்று கடைசியில் இருக்கிறது. அந்த அரசனின் பெயர் இல்லை. மகேந்திரவர்மன்தான் என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு. சமஸ்கிருதத்துக்கு நடுவே தமிழில் ஒரு வரி வருகிறது: 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய'. எந்த எட்டு, எந்த ஏழு என்பதில் இன்னும் சண்டை.

பாட்டுக் கற்ற யாராவது உங்களோடு வந்தால், கைடை ஒரு வரிசையைப் படிக்கச் சொல்லி அவரைப் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். சுருதி சரியா என்பதெல்லாம் அப்புறம். பாறைக்கு முன் நின்று பாடுவது ஒரு தனி அனுபவம்.

குன்றின் மேல் நாயன்மார் அறுபத்து மூவரையும் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள், நடுவில் காளை மேல் அமர்ந்த சிவன், ரிஷபாரூடர். கீழிருந்தே தெரியும். வெயில் நேரத்தில் ஏற வேண்டாம். வெளியே வரும்போதுதான் சாக்ஸ் உதவும்: பன்னிரண்டு மணிக்குக் கோயில் வெளிப்பிராகாரத்துக் கல்தளத்தில் வெறுங்காலோடு ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நீங்கள் நிதானமாக நடக்கலாம்.

மதியம்

சாப்பாட்டுக்கு அன்னவாசலோ விராலிமலையோ போதும், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். புதுக்கோட்டைக்குள் போனால் நல்ல சாப்பாடு கிடைக்கும், ஆனால் திசை மாறி ஒரு மணி நேரம் போய்விடும். அப்படிப் போவதென்றால் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். 1910இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடுமுறை. மூன்றரை வரை எங்கேயாவது நிழலில் இருங்கள். கைடும் மனிதர்தானே, அவரையும் அரை மணி நேரம் பேச விடாமல் விடுங்கள்.

சாயங்காலம்: கொடும்பாளூர்

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் சமணத் துறவி கவுந்தியடிகளும் உறையூரிலிருந்து மதுரைக்குக் கிளம்புகிறார்கள். வழியில் மாங்காட்டு மறையோன் எதிர்ப்படுகிறான். கொடும்பைக் குளத்தருகே பாதை சூலம் போல் மூன்றாகப் பிரியும், வலது பக்கம் போனால் இது, இடது பக்கம் போனால் இது என்று விலாவாரியாகச் சொல்கிறான். நாமும் உறையூர் இருக்கும் திருச்சியிலிருந்துதான் கிளம்பினோம், இப்போது நிற்பது அதே கொடும்பாளூரில். தமிழில் எனக்குத் தெரிந்த பழைய டூரிஸ்ட் கைடு அந்த மறையோன்தான். கொஞ்சம் வளவளவென்று பேசுவான், அந்தக் குறையும் இன்று வரை தொழிலில் இருக்கிறது.

மூவர் கோயில் சமதரையில், புல்வெளிக்கு நடுவே. பெயரில் மூன்று, நிற்பது இரண்டு. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் தரையோடு தெரியும். கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேள் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் மனைவியர் கற்றளி, வரகுணை பெயரிலும் எடுத்த மூன்று விமானங்கள் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கற்றளி என்றாலே கல்லால் கட்டிய கோயில். அப்படிப் பெயர் வாய்த்த பெண்ணுக்குக் கற்றளி எடுக்காமல் இருக்க முடியுமா?

நாலரை மணி வெயில் மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கும்போது சுவரில் இருக்கும் சிவ வடிவங்களின் மூக்கு, உதடு, விரல் எல்லாம் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். காலையில் நார்த்தாமலையில் கிடைக்காத படமெல்லாம் இங்கே கிடைக்கும். இந்த இடத்தில் கைடைக் கொஞ்சம் தள்ளியிருக்கச் சொல்லுங்கள். பகலெல்லாம் அவர் கண்ணால் பார்த்தீர்கள். இரண்டு விமானங்களையும் ஒரு சுற்று தனியாகச் சுற்றி, எது எதனோடு ஒத்திருக்கிறது, எங்கே மாறுகிறது என்று நீங்களே பாருங்கள். அப்புறம் அவரிடம் வந்து சொல்லுங்கள், சரியா தவறா என்று அவர் சொல்வார். என் அத்தை பையன் அன்றைக்கு வீணை வைத்திருக்கும் சிவனைத் தானாகக் கண்டுபிடித்துவிட்டு வந்து கத்தினான். பின்சீட்டில் கைடை நசுக்கியவன் திரும்பும்போது முன்சீட்டை அவருக்குக் கொடுத்தான்.

கைடுக்குப் பேசிய பணத்தை இங்கேயே, இருட்டுவதற்கு முன் கொடுத்துவிடுங்கள். நாள் பிடித்திருந்தால் மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். காவலர்களுக்கு அந்தந்த இடத்திலேயே ஐம்பதோ நூறோ கொடுத்திருப்பீர்கள். யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் நார்த்தாமலையில் உங்களுக்காக விடியற்காலையில் சாவியோடு ஏறி வந்தவரை மறந்துவிடாதீர்கள். கைடு புதுக்கோட்டைக்காரர் என்றால் விராலிமலையில் பஸ் ஏற்றிவிடலாம். அந்த நேரத்துக்கு அங்கே மயில்கள் அகவும், நெடுஞ்சாலை ஓரம் டீயும் கிடைக்கும். அங்கிருந்து திருச்சிக்கு நாலுவழிச் சாலை, ஏழரைக்குள் ஜங்ஷனில் இருப்பீர்கள்.